யூரியா அளவல்ல, போடும் நேரமே குறை

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் சம்பாவுக்குப் பொன்மணி (சி.ஆர். 1009) நெல் நடுகிறேன். ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. (தழை, மணிச் சத்துகள் தரும் உரம்) அடியுரமாகவும், நட்ட 20ஆம் நாளில் இரண்டு மூட்டை யூரியாவும் இடுகிறேன். போர் இருப்பதால் வயலில் தண்ணீர் வற்றுவதே இல்லை. பயிர் கரும்பச்சையாக எழுந்தாலும் புகையான் (சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) தாக்குகிறது, கதிரில் பதர் மிகுகிறது. உரத்தைக் கூட்டலாமா?
— ஒரு விவசாயி, சேத்தியாத்தோப்பு, கடலூர் மாவட்டம்

பதில்: கூட்ட வேண்டாம். மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிலோ, மணி, சாம்பல் சத்துகள் தலா 20 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. 50 கிலோ டி.ஏ.பி.யில் 9 கிலோவும், இரண்டு மூட்டை, அதாவது 90 கிலோ யூரியாவில் ஏறத்தாழ 41 கிலோவும் தழைச்சத்து உள்ளதால், உங்கள் அளவில் பெரிய குறை இல்லை. அத்தனையையும் ஒரே நாளில், அதுவும் தேங்கிய தண்ணீரில் வீசுவதுதான் கோளாறு. அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாக ஆவியாகிறது. அடைமழை வந்தால் மேலும் ஒரு பகுதி வரப்பைத் தாண்டி வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. பயிர் ஒரேயடியாக உறிஞ்சும் மீதியோ இலையை மென்மையாக்கிப் புகையானை வரவழைக்கிறது. கதிர் உருவாகும் காலத்தில் சத்து இருப்பதில்லை.

எனவே அதே யூரியாவை 30 கிலோ வீதம் தூர் கட்டும்போதும் (பக்கக் கிளைகள் விடும்போதும்), கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும் தருணத்திலும் பிரித்து இடுங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலைவண்ண அட்டையில் நிறம் 4க்குக் கீழ் இறங்காத வாரத்தில் யூரியா தேவையே இல்லை. தண்ணீரை வடித்துச் சேறாக இருக்கும்போது தூவி, மறுநாள் நீர் கட்டி, சில நாள் மடையை அடைத்து வைக்க வேண்டும். ஐப்பசி மழை கொட்டும் நாள்களில் யூரியா மூட்டையைத் திறக்கவே கூடாது.

பாசனத்துக்கு, நீர்மட்டத்தைப் பார்க்கத் துளையிட்ட ஒரு பி.வி.சி. குழாயை வயலில் பதித்து, மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை நீர் இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால் போதும்; பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடாதீர்கள். நம் பகுதியில் மழைக்காலத்தில் கட்டுவதைவிட வடிப்பதே பெரிய வேலை என்பதால் வடிகாலை முன்னதாகவே தூர்வாரி வையுங்கள்.

சாம்பல் சத்து தரும் பொட்டாஷைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பதருக்கும் பயிர் சாய்வதற்கும் அந்தக் குறையும் காரணமாகலாம். மண் பரிசோதனை முடிவைப் பார்த்து, ஏக்கருக்குச் சுமார் 33 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷைப் பிரித்து இடுங்கள். புகையான் தென்பட்டால் முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, அடுத்த தவணை யூரியாவை நிறுத்தி வையுங்கள்.