வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் ஒரு மரப்பெட்டி: வாசகர் கேள்விகளும் தச்சுப் பதில்களும்

சமையலறையிலோ சரக்கறையிலோ வைக்கக்கூடிய காய்கறிப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றி வந்த கேள்விகளில், ஒன்றையே பலரும் கேட்டிருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியுள்ளேன்.

நாங்கள் நான்கு பேர். மாதத்துக்குச் சின்ன வெங்காயம் 5 கிலோவும் உருளைக்கிழங்கு 3 கிலோவும் கொஞ்சம் பூண்டும் வாங்குகிறோம். எந்த அளவில் பெட்டி வேண்டும்? (திருச்சி)

எடையைக் கொண்டு அளவைத் தீர்மானிப்பதே சரி. ஓரடி நீளம், ஓரடி அகலம், அரை அடி உயரமுள்ள அறை ஏறத்தாழ 14 லிட்டர் கொள்ளும். அதை நிறைத்தால் 7 முதல் 8 கிலோ வெங்காயம் பிடிக்கும். ஆனால் வெங்காயப் பெட்டியை நிறைக்கக் கூடாது என்பதால், கொள்ளளவைக் காட்டிலும் தரைப்பரப்பே முக்கியம். 15 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் உள்ள தட்டில் உங்கள் 5 கிலோ வெங்காயம் மூன்றங்குல உயரத்துக்குப் பரவி நிற்கும்; அடியில் உள்ளவை நசுங்காது, இடையே காற்றும் ஓடும்.

தரையிலிருந்து 5 அங்குலக் கால், அதற்கு மேல் 8 அங்குல உயரத்தில் உருளைக்கிழங்கு அறை, 6 அங்குலத்தில் வெங்காயத் தட்டு, 4 அங்குலத்தில் பூண்டுத் தட்டு, மேலே ஒரு மூடி என்று அமைத்தால் மொத்த உயரம் இரண்டடியைச் சற்றே தாண்டும். சட்டங்களுக்கு ஒன்றரை அங்குலச் சதுர மரமும், தட்டுகளுக்கு ஒன்றரை அங்குல அகலமும் அரை அங்குலக் கனமும் உள்ள ரீப்பரும் (மெல்லிய மரப்பட்டி) போதும். சின்ன வெங்காயத் தட்டில் ரீப்பர்களுக்கு இடையே சுண்டுவிரல் நுனி மட்டும் நுழையும் இடைவெளி, அதாவது 8 மில்லிமீட்டர் அளவு, விடுங்கள். பெரிய வெங்காயம் மட்டுமே வைப்பதானால் முக்கால் அங்குலம் வரை விடலாம்.

தேக்கு கட்டுப்படியாகவில்லை. வேறு எந்த மரத்தில் செய்யலாம்? சரக்குப் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகை மலிவாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? (திருப்பூர்)

இந்தப் பெட்டிக்குத் தேக்கு தேவையே இல்லை. நன்கு உலர்ந்த வேம்பு, பூவரசு, பலா ஆகியவற்றில் எதுவும் தாங்கும். ஊர் அறுவை மில்லில் மிஞ்சிய துண்டுகளே பெரும்பாலும் போதுமானவை. வாங்கும்போது மரத்தின் பெயரைக் காட்டிலும் வயிரம் எது, வெள்ளை எது என்று பாருங்கள். நடுவிலுள்ள கருத்த வயிரப் பகுதியைப் பூச்சி எளிதில் தொடுவதில்லை. வெளிப்புறத்து வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் அதைத்தான் துளைக்கும். எம்.டி.எஃப். போன்ற மரத்தூள் அட்டைகள் ஈரம் பட்டால் உப்பிப்போகும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பைன் பலகையைப் பொறுத்தவரை, அதன்மேல் குத்தியுள்ள முத்திரையைப் படித்த பிறகே விலை பேசுங்கள். நாடு விட்டு நாடு செல்லும் மரப்பெட்டிகளில் கோதுமைக் கதிர் வடிவச் சின்னத்தோடு சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடங்கள் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது நமக்கு ஏற்றது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்டது. உணவு வைக்கும் பெட்டிக்கு அது வேண்டாம். முத்திரை எதுவானாலும், எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ உள்ள பலகையை விறகாகக்கூட வாங்காதீர்கள்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்கிறார்கள். ஒன்றுக்கு வெளிச்சம் ஆகாது, மற்றதற்குக் காற்று வேண்டும் என்றால் எப்படிச் செய்வது? (சேலம்)

பறித்த பிறகும் காய்கறிகள் மூச்சுவிடுகின்றன. உருளைக்கிழங்கு ஈரமான காற்றில் சுருங்காமல் இருக்கும்; வெங்காயமோ உலர்ந்த காற்றை விரும்பும். 25 முதல் 30 டிகிரி வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் வெங்காயத்துக்கு ஒத்துவரும். 10 முதல் 20 டிகிரிக்கு இடைப்பட்ட குளிர்ச்சியில்தான் அது விரைவாக முளைவிடும். ஆகவே நம் ஊரில் வெங்காயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பமன்று, தேங்கிய ஈரமே. இளம் வயதில் நான் செய்த முதல் பெட்டியில் ஒரு கடுகுகூட நுழையாதபடி மூட்டுகளை இறுக்கிப் பெருமைப்பட்டேன். ஒரே வாரத்தில் வெங்காயம் அழுகி நாறியதும்தான் என் வேலைத்திறனே அதைக் கெடுத்தது என்பது புரிந்தது.

பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகள் சின்ன வெங்காயத்துக்குப் போடும் பட்டறையைப் பாருங்கள். தரையில் படாமல் உயர்த்திக் கட்டி, பக்கங்களில் காற்றுப் போக இடைவெளி விட்டு, மேலே கீற்று வேய்ந்து, காய்ந்த தாளோடேயே வெங்காயத்தை அடுக்குகிறார்கள். நம் பெட்டியின் வெங்காயத் தட்டு அந்தப் பட்டறையின் சிறு வடிவமாக இருந்தால் போதும்: அடியிலும் நான்கு பக்கமும் ரீப்பர், நடுவே இடைவெளி.

உருளைக்கிழங்கு அறைக்கு இந்த அமைப்பு உதவாது. வெளிச்சம் பட்டால் கிழங்கின் தோல் பச்சையாகும். அந்தப் பச்சையால் கேடில்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சொலனின் என்னும் கசப்பான நச்சும் கூடவே பெருகும், அது வேகவைத்தாலும் போகாது. எனவே அந்த அறையின் முன்புறமும் பக்கங்களும் முழுப்பலகையாக இருக்கட்டும். அடிப்பலகையில் முக்கால் அங்குலத் துளைகளை நான்கு விரல் இடைவெளியில் இடுங்கள். பின்பலகையை அறையின் மேல்விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்திவிடுங்கள். கிழங்கின் மூச்சில் வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து பின்பக்கத்துச் சந்து வழியே வெளியேற, கால்களுக்கு இடையிலுள்ள குளிர்ந்த காற்று துளைகள் வழியே உள்ளே வரும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கிழங்கு அறைக்கும் வெங்காயத் தட்டுக்கும் நடுவே ரீப்பர் அடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கிழங்கின் ஈரம் முழுவதும் வெங்காயத்தின் மேல் ஏறும். அந்த இடத்தில் மட்டும் இடைவெளியில்லாத முழுப்பலகை வையுங்கள். வெங்காயத் தட்டை அதற்கு ஓர் அங்குலம் மேலே உயர்த்துங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கத்துச் சந்து அடைபட்டுப்போகும்; மூன்று அங்குலமாவது தள்ளி வையுங்கள்.

சித்திரையில் செய்த பெட்டியின் மூடி ஐப்பசி மழையில் இறுகிவிட்டது. இழைத்துவிடலாமா, மழை முடியும் வரை பொறுக்கலாமா? (நாகர்கோவில்)

இப்போதே இழைத்துவிடுங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. ஈரக்காற்றில் அகலவாக்கில்தான் விரியும். மழைக்காலத்தில் பலகை தன் முழு அகலத்தில் இருப்பதால், இப்போது இழைப்புளியால் ஒரு நாணயத்தின் கனத்துக்கு வழிவிட்டுச் சீவினால் இனி எந்தப் பருவத்திலும் இறுகாது. கோடையில் சற்றுத் தளரும், அவ்வளவுதான். மூடியின் உட்புறத்தில் குறுக்குச் சட்டத்தைப் பசையிட்டு ஒட்டியிருந்தால் அதைப் பெயர்த்து, துளைகளைக் குறுக்குவாக்கில் சற்று நீட்டித் திருகாணியால் பிணையுங்கள். விரிய இடமில்லாத பலகை வெடிக்கும்.

பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கலாமா? முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் செல் வராது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே? (கடலூர்)

பெரியவர்கள் சொல்வது கட்டுமரத்துக்கும் கூரைச் சட்டத்துக்கும் பொருந்தும். முந்திரித்தோட்டில் எடுக்கும் அந்த எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும். உணவுப் பெட்டிக்குக் கூடாது. உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து வெறும் மரமாகவே விடுங்கள், ஏனெனில் பூச்சில்லாத மரம் சிறிது ஈரத்தை உறிஞ்சிப் பின்னர் வெளியிடும். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசலாம். வேண்டுமானால் வார்னிஷும் அடிக்கலாம். எண்ணெய் தோய்ந்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் கிளம்பி அத்துணி தானாகவே தீப்பற்றக்கூடும். திறந்தவெளியில் விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

வேறு என்னென்ன காய்களை இதில் வைக்கலாம்? (மதுரை)

சேனையும் கருணையும் தாராளமாக இருக்கும். சர்க்கரைவள்ளியும் குளிர்பெட்டியைவிட இங்கே நன்றாக இருக்கும். மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிக் கெட்டுவிடும் என்பதால், வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள்.

பெட்டியின் கீழே தினமும் கோதுமை மாவு போலத் தூள் விழுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம், உணவு இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் ஆகாது. அவ்வளவு மென்மையான தூள் கறையான் வேலையன்று; மரத்தின் வெள்ளைப் பகுதியைத் தின்னும் சிறு வண்டின் புழு செய்வது. பெட்டியைக் காலி செய்து, ஊசிமுனை அளவுத் துளைகள் எந்த ரீப்பரில் உள்ளன என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டில்தான் இருக்கும். அவற்றைக் கழற்றி எரித்துவிட்டு வயிரமுள்ள புது ரீப்பரைப் பொருத்துங்கள். தட்டு ரீப்பர்களைப் பசையிட்டு ஒட்டாமல், துருப்பிடிக்காத திருகாணியால் மட்டும் பிணைக்கச் சொல்வது இதற்காகவே. ஒட்டியிருந்தால் ஒரு ரீப்பருக்காகத் தட்டு முழுவதையும் உடைக்க வேண்டியிருக்கும்.