குண்டர் சட்டம் என்றால் என்ன? அது ஏன் அடிக்கடி கோர்ட்டுக்குப் போகிறது?

தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டத்தைத்தான் குண்டர் சட்டம் என்கிறோம். செய்த குற்றத்துக்குத் தண்டனை இல்லை இது; இனி செய்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே அடைத்து வைப்பது. மகன் வேகமாக ஓட்டுவான் என்று பயந்து அப்பா பைக் சாவியைப் பிடுங்கி வைப்பாரே, அந்த மாதிரி. ஆனால் இங்கே பறிபோவது ஓர் ஆளின் ஓராண்டு வரையிலான வாழ்க்கை. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ இதற்கு உத்தரவிடலாம்.

அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் காரணத்தைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. அதனால்தான் அடைக்கப்பட்டவருக்குக் கொடுத்த ஆவண நகலில் எழுத்து தெரியவில்லை, தமிழாக்கம் இல்லை என்பதற்கெல்லாம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. படிக்க முடியாத தாளுக்கு யாரால் பதில் எழுத முடியும்?

அப்புறம், குண்டர் சட்ட உத்தரவு ரத்தானால் ஆள் நிரபராதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மூல வழக்கு, அதாவது அவர் மீது ஏற்கெனவே உள்ள குற்ற வழக்கு, தனியாக நடக்கும், அதற்கு ஜாமீனும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.