செல்லின் சவ்வில் கொலஸ்ட்ராலுக்கு என்ன வேலை?

கேள்வி: ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் டாக்டர் திட்டுகிறார். என் மகளின் பாடப்புத்தகத்தைப் பார்த்தால், அது செல் சவ்வில் இருந்தால்தான் சிக்னல்கள் ஒழுங்காகப் போகும் என்று இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். டாக்டர் சொல்வது ரத்தத்தில் எல்டிஎல் துகள்களுக்குள் பயணம் செய்யும் கொலஸ்ட்ராலை, புத்தகம் சொல்வது செல்லின் சவ்வில் குடியிருக்கும் கொலஸ்ட்ராலை. மூலக்கூறு ஒன்றேதான்.

செல்லின் வெளிச்சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கொலஸ்ட்ரால். சவ்வு ரொம்ப இளகாமலும் ரொம்ப இறுகாமலும் பார்த்துக்கொள்கிறது என்பதோடு பெரும்பாலான பாடப்புத்தகங்கள் நிறுத்திக்கொள்ளும், ஆனால் சுவாரசியமே அதற்கு அப்புறம்தான். வெளியிலிருந்து வரும் சேதியை வாங்க சவ்வில் செருகியிருக்கும் ஏற்பிப் புரதங்கள் சிலவற்றில் கொலஸ்ட்ரால் போய் ஒட்டிக்கொள்ளவே இடம் இருக்கிறது. அட்ரினலின் வந்து தொடும் பீட்டா-2 ஏற்பி அதற்கு ஓர் உதாரணம்.

இன்னும் நல்ல உதாரணம் ஹெட்ஜ்ஹாக் பாதை. கரு வளரும்போது எந்த செல் எந்த உறுப்பாக வேண்டும் என்று சொல்லும் சிக்னல்களில் இது ஒன்று. ஹெட்ஜ்ஹாக் புரதத்தின் வால் முனையிலேயே ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறு பிணைந்திருக்கும், இது 1996-ல் தெரியவந்தது. சேதியை வாங்கும் செல்லில் பேட்ச்டு, ஸ்மூத்தன்டு என்று இரண்டு புரதங்கள். பேட்ச்டு, ஸ்மூத்தன்டுக்குக் கொலஸ்ட்ரால் எட்டாதபடி பார்த்துக்கொள்கிறது என்றுதான் இப்போது பெரும்பாலும் கருதுகிறார்கள். ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டை அடைத்ததும் ஸ்மூத்தன்டுக்குக் கொலஸ்ட்ரால் கிடைக்கிறது, சிக்னல் உள்ளே போகிறது. ஆக, சிக்னலைத் திறக்கும் சாவியே கொலஸ்ட்ரால்தான். அதைத் தயாரிக்கும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதி பிறவியிலேயே பழுதானால் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற நோய் வருகிறது. இந்தக் குழந்தைகளுக்குக் காலில் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒட்டியிருப்பது, முக அமைப்பிலும் மூளையிலும் மாற்றங்கள் இருப்பது எல்லாம் சகஜம்.

கேள்வி: 'லிப்பிட் ராஃப்ட்' என்கிறார்களே, அது நிஜமா?

பதில்: கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடு என்ற வேறு வகைக் கொழுப்புகளும் சேர்ந்து சவ்வில் சின்னச் சின்னத் திட்டுகளாகத் திரளும், சிக்னல் புரதங்கள் அங்கே கூடும் என்று கய் சைமன்ஸ், எலினா இகோனென் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் எழுதினார்கள். செயற்கைச் சவ்வுகளில் இப்படிப் பிரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உயிருள்ள செல்லில் அவை சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாத அளவு சிறியவை, வந்த வேகத்தில் கலைந்தும் விடும், அதனால் சண்டை இன்னும் ஓயவில்லை. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளால் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவிவிட்டு, "பார், சிக்னல் நின்றுவிட்டது, ராஃப்ட்தான் காரணம்" என்று முடிக்கும் ஆய்வுகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அவ்வளவையும் உருவினால் சவ்வில் எதுதான் கெடாது!

கேள்வி: அப்படியானால் கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர் தரும் ஸ்டேட்டின் மாத்திரை என் செல்களைப் பட்டினி போடுகிறதா?

பதில்: இல்லை, பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொலஸ்ட்ரால் குறைவதை செல் முதலில் உணர்வது வெளிச்சவ்வில் அல்ல, உள்ளே இருக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலையில். அங்கே கொலஸ்ட்ரால் எப்போதும் குறைவு, சவ்வுக் கொழுப்பில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் ஸ்காப் என்ற புரதம் விழித்துக்கொண்டு, எஸ்ஆர்இபிபி (SREBP) என்ற கூட்டாளிப் புரதத்தை, செல்லுக்குள்ளேயே இருக்கும் கோல்கி என்ற இன்னொரு பகுதிக்கு அழைத்துப் போகிறது. அங்கே அது வெட்டப்பட்டு, துண்டு உட்கருவுக்குப் போய், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் மரபணுக்களையும் எல்டிஎல் ஏற்பிக்கான மரபணுவையும் முடுக்கிவிடும். ஸ்டேட்டின் கல்லீரலில் தயாரிப்பைக் குறைத்ததும் நடப்பது இதுதான்: கல்லீரல் செல்கள் கூடுதல் ஏற்பிகளை வைத்து ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கின்றன. ரிப்போர்ட்டில் எண் இறங்குகிறது, செல்லும் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. அந்த எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. மாத்திரை சாப்பிடும்போது தசைவலி மாதிரி ஏதாவது தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.