உப்புக் காற்று ஊரில் பழைய சைக்கிள் வாங்குவது எப்படி?

கேள்வி: ஐயா, நான் திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கிறேன். வயது 34. அப்பாவிடம் ஒரு ஹம்பர் சைக்கிள் இருந்ததாம். இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது, நான் கண்ணால் கண்டதில்லை. அப்படியொன்றை மலிவாக வாங்கி நானே திருத்தி ஓட ஆசை. வயல்பக்கமான தம்பலகாமத்தில் ஒருவரின் கொட்டிலில் பழைய றலிச் சைக்கிள் ஒன்று கிடக்கிறது. றொட் பிறேக், அதாவது வயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிறேக். சீற் இல்லை, ரயர் உக்கிவிட்டது, பெடல் சுற்றவே மாட்டேன் என்கிறது. கடலோரத்து நிலாவெளியில் இன்னொரு றலி இருக்கிறது. புதுப் பெயின்ற் அடித்து மினுங்குகிறது, ஓடவும் செய்கிறது, விலை கொஞ்சம் கூட. எதை எடுக்கலாம்? கையில் பெரிய காசில்லை. சாமான் என்று ஒரு குறடும் ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பானரும்தான் இருக்கின்றன.

பதில்: தம்பி, முதலில் தம்பலகாமத்துக்குப் போங்கள். பெடல் சுற்றாத சைக்கிளை ஏன் சொல்கிறேன் என்று யோசிப்பீர்கள். நம் ஊரில் பழைய சைக்கிளைக் கொல்வது ஓட்டமல்ல, உப்பு. கடற்கரையோரத்து வீட்டில் நாற்பது வருடம் நின்ற சைக்கிளின் குழாய்க்குள்ளே உப்புக் காற்று புகுந்து, மாரி ஈரத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே அரித்திருக்கும். வெளியே பெயின்ற் நன்றாகத்தான் தெரியும். வயல்பக்கத்துச் சைக்கிளில் சேறும் சாணியும் ஒட்டியிருக்கும், கிறீஸ் கல்லாகியிருக்கும். ஆனால் இரும்பு இரும்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சேற்றைக் கழுவலாம், கல்லான கிறீஸை மண்ணெண்ணெயில் கரைக்கலாம். ஓட்டையான குழாயை நீங்கள் வீட்டில் வைத்துத் திருத்த முடியாது.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அந்தச் சைக்கிள் எங்கே நின்றது? நிலாவெளி வீட்டாரிடம் இதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். சுனாமித் தண்ணீரில் மூழ்கி, கழுவித் துடைத்து, பெயின்ற் அடித்த சைக்கிள்கள் சிலவற்றை நான் பிரித்திருக்கிறேன். ஒன்றில் பெடல் அச்சு இருக்கும் குழலைத் திறந்து கவிழ்த்தபோது பெயரிங் குண்டுகள் வரவில்லை. சிவப்புத் தூளும் அதோடு ஒரு பிடி கடல் மணலும் கொட்டியது. சிப்பித் துண்டுகூட இருந்தது. அந்தக் குழலின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினேன், பப்படம்போல உள்ளே போனது.

அதனால் எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். சீற் உயரத்திலிருந்து பார்க்கும்போது தெரியாதவை அங்கேதான் இருக்கின்றன. பெடல் அச்சுக் குழலின் அடி, பின் சில்லை நோக்கிப் போகும் இரண்டு குழாய்களும் அதோடு சேரும் இடம், முன் சில்லைப் பிடிக்கும் கவையான போர்க்கின் தலைப்பகுதி ஆகிய மூன்றையும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பெயின்ற் அடித்த சைக்கிளாக இருந்தால் ஒரு சின்னக் காந்தத்தைக் குழாய் நெடுக ஓட்டுங்கள். ஓரிடத்தில் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே ஓட்டையை மூடிப் புட்டி பூசியிருக்கிறார்கள்.

அடுத்தது, சைக்கிளின் சட்டம் (பிறேம்) நேராக இருக்கிறதா என்பது. ஒரு நூலை எடுத்துப் பின் அச்சு பூட்டும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றப் பக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் போனால், அல்லது தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால் மேல், கீழ்க் குழாய்களின் அடியில் பெயின்ற் சுருங்கி வீங்கியிருந்தால், அந்தச் சைக்கிள் எதிலோ மோதியிருக்கிறது. அதை விட்டுவிட்டு வாருங்கள்.

இவை இரண்டிலும் தேறினால் மற்றதெல்லாம் திருத்தக்கூடியதே. பெடல் சுற்றாதது, ரயர் உக்கியது, செயின் துருவேறியது இவற்றுக்காக விலையைக் குறைத்துப் பேசுங்கள், ஆனால் அவற்றுக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சீற் இல்லை என்பது வேறு கதை. புறூக்ஸ் தோல் சீற்றைப் பின்னர் தேடிப் பிடிப்பது கடினம், விலையும் ஏறும். அதேபோல றொட் பிறேக்கின் கம்பிகள், மூட்டுகள், முழுச் செயின் கவர், றலியின் முன் பெயர்ப் பட்டயம் ஆகியவை இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு வரம்பு நான் சொல்கிறேன். வாங்கும் விலையும் சாமான் செலவும் சேர்ந்து ஒரு புது லுமாலாச் சைக்கிளின் விலையைத் தாண்டக்கூடாது. முதல் சைக்கிளில் அதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திக் கொட்டிலுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் ஹம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹம்பர் சைக்கிளை 1932இல் றலி வாங்கிவிட்டது, 1943இல் றட்ஜையும் வாங்கியது. அதன் பிறகு வந்த ஹம்பர்கள் றலியின் குடும்பம்தான், பல சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆகவே அப்பாவின் சைக்கிளுக்குக் கிட்டவான ஒன்றைத்தான் தம்பலகாமத்தில் பார்க்கப் போகிறீர்கள். என்றைக்காவது உண்மையான ஹம்பரே கண்ணில் பட்டால் பட்டயம் இல்லாவிட்டாலும் அடையாளம் காணலாம். பெடலோடு சுற்றும் பற்சக்கரமான செயின் வீலைப் பாருங்கள், அதில் சின்னச் சின்ன மனித உருவங்கள் வெட்டப்பட்டிருக்கும். முன் போர்க் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இறங்குவதும் ஹம்பரின் அடையாளம். றலி என்றால் செயின் வீலில் கொக்கு இருக்கும், றட்ஜ் என்றால் கை இருக்கும், பி.எஸ்.ஏ. என்றால் அந்த மூன்று எழுத்துகளே இருக்கும். பெயின்ற் எத்தனை தடவை மாறினாலும் செயின் வீல் பொய் சொல்லாது. மாற்றிப் பூட்டியிருந்தாலொழிய.

பின் சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்று எழுதி, பக்கத்தில் ஏ.டபிள்யூ. என்றிருந்தால் அது மூன்று கியர் ஹப். துணியால் துடைத்துப் பாருங்கள், இரண்டு எண்கள் தெரியும். 54 என்றும் 7 என்றும் இருந்தால் 1954 ஜூலையில் செய்தது. கடற்படை டொக்யார்ட்டில் வேலை செய்த ஒருவரின் வீட்டில் அப்படியொரு ஹப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள், தான் பிறந்த வருடம் அது என்று சொல்லித் தொட்டுப் பார்த்தார். பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போன 1957க்கும் முந்திய சைக்கிள். இந்த ஹப்பைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். ஒயில் மூடி வழியாகத் தேக்கரண்டி அளவு தையல் மெசின் ஒயில் விட்டு, ஒரு இரவு படுக்க வைத்து, காலையில் சுற்றிப் பாருங்கள். பத்தில் எட்டு உயிர் பெற்றுவிடும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் எதையும் விட்டுவிடாதீர்கள். நாளடைவில் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

இனி, சுற்றாத பெடல். அநேகமாகக் குண்டுகள் துருவேறி இறுகியிருக்கும். இதைத் திறக்க முதலில் பெடல் தண்டை அச்சோடு பூட்டும் கொத்தர் பின்னைக் கழற்ற வேண்டும். புதியவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு நாள் முன்பே பின்னின் இரு முனையிலும் ஒயில் விட்டு வையுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் நுனியோடு மட்டமாக வரும்வரை தளர்த்துங்கள். அப்போதுதான் அடி விழும்போது புரி நசியாது. பிறகு பெடல் தண்டின் அடியில், பின்னின் தலை நுழையக்கூடிய ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நிலத்திலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகளுக்குப் போய் உள்ளே அவை ஓடும் கப்பில் குழி விழும். முட்டுக் கொடுத்த பின் பாரமான சுத்தியலால் ஒரே அடி, நேராக, மனம் தளராமல். பத்துச் சின்ன அடி அடித்தால் பின் வளைந்து நிற்கும், அதற்குப் பிறகு துளைத்து எடுக்க வேண்டியதுதான். புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். றலிக்கு 9.5 மில்லிமீற்றர் வேண்டும், 9 மில்லிமீற்றரும் கடையில் இருக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். திரும்பப் பூட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காது. இருபது கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

அச்சைக் கழற்ற இடப்பக்கக் கப்பை மட்டும் எடுத்தால் போதும். வலப்பக்கக் கப் எதிர்ப் புரி, அதைத் தொடவே வேண்டாம். உள்ளே துணி விட்டுத் துடைத்துவிடலாம். இடப் பெடலும் எதிர்ப் புரிதான், அதைக் கழற்ற வழக்கம்போல இடஞ்சுழியாகச் சுற்றினால் இன்னும் இறுகும், வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். அச்சில் பக்கத்துக்கு 11 குண்டுகள், கால் அங்குல அளவு. பழையவற்றைத் திரும்பப் போடாதீர்கள், புதுக் குண்டுகள் மலிவு. கப் தேய்ந்திருந்தால் ஒரு எச்சரிக்கை: நொட்டிங்ஹாமில் செய்த பழைய றலியின் புரி அங்குலத்துக்கு 26 கோடு, பொதுவான கப்பில் 24. "கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும், ஏற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். சட்டத்தின் புரி ஒருமுறை போனால் போனதுதான்.

ரயர் அளவிலும் இதேபோன்ற பொறி உண்டு. றொட் பிறேக் றலி பெரும்பாலும் 28 × 1½. ரயரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 635 என்றிருக்க வேண்டும். இப்போது 28 என்று விற்கும் சில ரயர்கள் 622, அவை உங்கள் றிம்மில் ஏறவே ஏறாது.

செயினை ஓர் அடிக்கோலால் அளந்து பாருங்கள். புதிதாக இருக்கும்போது 24 கண்ணிகள் ஊசி முதல் ஊசி வரை சரியாக 12 அங்குலம். பன்னிரண்டேகால் என்ற பேச்சுக்கே இடமில்லை, 12⅛ ஆகிவிட்டால் பின் பற்சக்கரமான பிறீவீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

சாமான்களைப் பொறுத்தவரை அந்த அட்ஜஸ்டபிள் ஸ்பானரைக் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள். பழைய பிரித்தானிய நட்டுகள் அங்குல அளவு, அட்ஜஸ்டபிள் வழுக்கி மூலைகளை உருட்டிவிடும். பழைய இரும்புக் கடைகளில் அங்குல ஸ்பானர்கள் கிலோக் கணக்கில் கிடக்கும், நாலைந்து பொறுக்கிக்கொள்ளுங்கள். அப்படியே கடைக்காரரிடம் ஒரு சொல் போட்டு வையுங்கள்: முழுச் சைக்கிள் வந்தால் வெட்டாமல் வையுங்கோ, கூடத் தருகிறேன் என்று. எனக்கு நல்ல சைக்கிள்கள் பல இந்த வழியாகத்தான் வந்தன. சட்டம் உடைந்த ஒன்றைச் சாமானுக்காக வாங்கிப் போட்டுவிட்டால் அடுத்த இரண்டு சைக்கிளுக்கு நட்டுப் போல்ட் தேட வேண்டியதில்லை. 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் பரணிலிருந்து இறக்கிய சைக்கிள்கள் பல, இப்போது மறுபடி மூலையில் நிற்கின்றன. தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள்.

பெயின்ற் பற்றி மன்றாடிக் கேட்கிறேன். மூலப் பெயின்ற் எவ்வளவு மங்கியிருந்தாலும் அதன்மேல் புதிது அடிக்காதீர்கள். முப்பது வருடத்துக்கு முன் ஒரு கறுப்பு றலியை உரசித் தள்ளி, பளபளவென்று பெயின்ற் அடித்தேன். உரசும்போதுதான் கறுப்புக்கடியில் கையால் இழுத்த தங்கக் கோடுகள் தெரிந்தன, தெரிந்தபோது பாதி போய்விட்டது. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. மெல்லிய துணியில் தையல் மெசின் ஒயில் தொட்டு, வட்டமாக, மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் துணிக்கு வந்துகொண்டே இருக்கும், பிறகு திடீரென்று ஒரு கோடு மினுங்கும், பக்கத்தில் ஒரு எழுத்து. குரோம் பாகங்களின் துருவுக்கு, சோறு கட்டும் அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

வேலை செய்யும் ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் குண்டுகள், பிறகு சில்லும் ரயரும், பிறகு பிறேக், மினுக்கம் கடைசி. றொட் பிறேக்கின் கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பவை. இரும்பு றிம் நனைந்தால் அந்தப் பிடி பாதிகூட இருக்காது. மாரி காலத்தில் கோணேசர் கோயில் இறக்கத்திலோ ஓர்ஸ் ஹில்லிலோ இறங்கும்போது இதை நினைவில் வைத்து, இறங்கி உருட்டிக்கொண்டு வாருங்கள்.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு வேலை உண்டு. சீற் குழாயைக் கழற்றும் நாளில் சட்டத்துக்குள் ஒரு சின்னக் கோப்பை சுத்தமான எஞ்சின் ஒயில் விட்டு, சைக்கிளை நாலு பக்கமும் புரட்டி உள்ளே படவிடுங்கள். சீற் குழாய்க்குக் கிறீஸ் பூசித் திரும்பப் போடுங்கள். உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, அதன்பின் காய்ந்த துணி.

வாங்கும்போது சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைக் குறித்து, விற்பவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் உள்ள ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடப்பெயர்வுகளில் கைமாறிய சைக்கிள்கள் நம் மாவட்டத்தில் நிறைய. நாளைக்கு யாராவது இது எங்களுடையது என்று வந்து நின்றால் உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும்.

தம்பலகாமத்துக்குக் காலை வெளிச்சத்தில் போங்கள், கொட்டிலுக்குள் வைத்துப் பார்க்காமல் வெளியே முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து கவிழ்த்துப் பாருங்கள். பையில் ஒரு நாணயம், ஒரு காந்தம், மூன்று மீற்றர் நூல், அடிக்கோல், பழைய துணி, ஒரு சின்னப் போத்தல் தையல் மெசின் ஒயில்.