கேள்வி-பதில்: வைஃபை, நோபல், அரை அங்குலக் கிறுக்கல்

கேள்வி: ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகைதான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிஜமா, கதையா?

பதில்: கொஞ்சம் நிஜம், நிறைய ஊதல். இரண்டாம் உலகப்போர் நேரம். டார்பிடோவை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டை, ரேடியோ அலையால் ஓட்டலாம், ஆனால் எதிரி அந்த அலைவரிசையைக் கண்டுபிடித்து அதிலேயே இரைச்சலைக் கிளப்பிவிட்டால் டார்பிடோ திசை தெரியாமல் போய்விடும். சரி, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே சமயத்தில் அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தால் எதிரி என்ன செய்வான்? இதைத்தான் லமாரும் ஜார்ஜ் ஆந்தைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து யோசித்தார்கள். தானாக வாசிக்கும் பியானோவுக்குள் துளையிட்ட காகிதச் சுருள் ஓடும் இல்லையா, அதே மாதிரி ஒரு சுருள் இரண்டு பக்கமும் ஓட வேண்டும், பியானோ கட்டைகளின் கணக்குக்கே 88 அலைவரிசைகள். 1942-இல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை போர்க்காலத்தில் அதைப் பயன்படுத்தவில்லை, அவருக்கு அதனால் காசும் வரவில்லை.

அலைவரிசை தாவுகிற யோசனை அவருக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியிருக்கிறது. இன்றைய வைஃபை பெரும்பாலும் வேறு முறையில் இயங்குகிறது, தாவல் இன்றும் இருப்பது புளூடூத்தில், நொடிக்கு 1600 தடவை வரை. அதனால் ‘வைஃபையின் தாய்’ பட்டமெல்லாம் வேண்டாம். படப்பிடிப்புக்கு நடுவே ஒரு நடிகை எதிரியின் இரைச்சலை ஏமாற்ற ஒரு கருவியை வரைந்து காப்புரிமையும் வாங்கினார் என்பதே போதுமான அளவு பெரிய செய்தி, அதற்கு மேல் முலாம் பூசினால் விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்து ஒரே நிமிடத்தில் சுரண்டிவிடுவார், அப்புறம் நிஜமும் சேர்ந்து அடிபடும்.

கேள்வி: டிஎன்ஏ கண்டுபிடிப்பில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் நோபல் பரிசைத் திருடிவிட்டார்கள் என்கிறார்களே?

பதில்: நோபலைத் திருடவில்லை. பிராங்க்ளின் 1958-இல் 37 வயதில் புற்றுநோயால் இறந்தார், டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் பரிசு வந்தது 1962-இல். நடந்த அநியாயம் அதற்கு முன்னால் நடந்தது. 1952 மே மாதம் அவருடைய மேற்பார்வையில் மாணவர் கோஸ்லிங் எடுத்த டிஎன்ஏவின் எக்ஸ்ரே படம், பின்னாளில் ‘படம் 51’ என்று பேர் வாங்கியது, அடுத்த ஜனவரியில் பிராங்க்ளின் வேலை செய்த அதே ஆய்வுக்கூடத்தின் வில்கின்ஸ் மூலமாக வாட்சன் கண்ணில் பட்டது. கோஸ்லிங் அந்தச் சமயத்தில் மறுபடி வில்கின்ஸ் பொறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தார், அதனால் படம் வில்கின்ஸ் கையில் இருந்ததைத் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் பிராங்க்ளினிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய அளவீடுகள் இருந்த ஓர் அறிக்கையும் அவருக்குத் தெரியாமலே கிரிக், வாட்சன் கைக்குப் போனது. தாங்கள் கட்டிய டிஎன்ஏ மாதிரி வடிவம் எவ்வளவு தூரம் தன் எண்களின் மேல் நிற்கிறது என்று அவரிடம் அவர்கள் கடைசிவரை நேராகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதைவிடக் கோபம் வருவது, இந்தச் சர்ச்சையிலேயே அவரை அடைத்துவிட்டு, அவர் வைரஸ்களின் அமைப்பைப் பற்றிச் செய்த அருமையான ஆய்வை யாரும் பேசாமல் இருப்பதுதான்.

நோபல் அநியாயம்தான் வேண்டும் என்றால் இயற்பியலாளர் லிசே மைட்னரைப் பாருங்கள். யூத வம்சாவளி என்பதால் 1938 கோடையில் ஜெர்மனியைவிட்டுத் தப்பி ஸ்வீடன் போய்ச் சேர்ந்தவர். 30 வருடம் கூடவே வேலை செய்த வேதியியலாளர் ஓட்டோ ஹானிடமிருந்து அந்த டிசம்பரில் கடிதம் வருகிறது: யுரேனியத்தை நியூட்ரானால் அடித்தால் பேரியம் வருகிறது, என்ன அர்த்தம் என்று உனக்குப் புரிகிறதா? மைட்னரும் அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷும் பனியில் நடக்கப் போனார்கள், ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது, பிளந்த துண்டுகளின் நிறை கொஞ்சம் குறைகிறது, அந்தக் குறைவை ஆற்றலாக மாற்றினால் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், துண்டுகள் ஒன்றையொன்று தள்ளும் விசையிலிருந்து வரும் ஆற்றலும் ஏறக்குறைய அதே. கணக்கு உட்கார்ந்துவிட்டது. 1944-க்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும். மைட்னர் உயிரோடுதான் இருந்தார், 1968 வரை இருந்தார்.

கேள்வி: ஐன்ஸ்டீனின் கட்டுரைகளை அவருடைய முதல் மனைவி மிலேவாதான் எழுதினாராமே?

பதில்: ஆதாரம் இல்லை. இயற்பியல் படித்தவர், கடிதங்களில் ஐன்ஸ்டீன் ‘நம் வேலை’ என்று எழுதியிருக்கிறார், அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை.

கேள்வி: என் மகளுக்கு ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றிப் பள்ளியில் பேச வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் மேரி கியூரிதான். வேறு ஒருவரைச் சொல்லுங்களேன், பிள்ளைக்குப் புரிகிற மாதிரி.

பதில்: வானியலாளர் ஜோசலின் பெல் பர்னல். வேலை எப்படி நடந்தது என்பது துளித்துளியாகத் தெரிந்திருப்பதால் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. முதல் இரண்டு வருடம் வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் தொலைநோக்கியைக் கட்டும் வேலை: வயல்வெளியில் கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, சம்மட்டி அடிப்பது. கட்டி முடித்ததும் அது தினமும் ஏறக்குறைய 30 மீட்டர் காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும், அதைக் கண்ணால் பார்த்து அலச வேண்டியது அவர் பொறுப்பு, கணினி எல்லாம் கிடையாது. 1967-இல் ஒரு நாள் அந்தக் காகிதத்தில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல். நட்சத்திரம் மாதிரியும் இல்லை, ஏதோ வண்டியின் மின்பொறி தரும் தொந்தரவு மாதிரியும் இல்லை. வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். இவர் பழைய சுருள்களைப் புரட்டினார், வானத்தின் அதே இடத்திலிருந்து முன்பும் அது வந்திருந்தது. பூமியில் மனிதர் கிளப்பும் ரேடியோ இரைச்சல் கடிகாரத்தைப் பார்க்கும், இதுவோ நட்சத்திரங்களைப் போல நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது துடிப்பு தனித்தனியாகத் தெரிந்தது: சுமார் 1.33 நொடிக்கு ஒன்று, பிசகவே இல்லை.

வேற்றுக்கிரகவாசியோ என்று பாதி விளையாட்டாக ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் வானத்தின் வேறொரு பக்கத்தில் இரண்டாவது துடிப்பையும் பெல் கண்டுபிடித்தார், இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிடாது அல்லவா, பச்சை மனிதர்கள் கதை அத்தோடு முடிந்தது. அவை வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரங்கள், அதாவது பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் அடர்த்தியான உருண்டைகள், பேர் பல்சார்கள். செய்தி வெளியானதும் நிருபர்கள் அறிவியலை அவருடைய பேராசிரியரிடம் கேட்டார்கள், பெல்லிடம் எத்தனை காதலர்கள் என்று கேட்டார்கள். 1974-இல் நோபல் பேராசிரியர் ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 2018-இல் வேறொரு பெரிய பரிசாக 30 லட்சம் டாலர் வந்தபோது மொத்தத்தையும் இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த மாணவர்களின் முனைவர் படிப்புக்குக் கொடுத்துவிட்டார். மகளிடம் சொல்லுங்கள், நோபலை விட்டுவிட்டு அந்தக் கிறுக்கலைப் பற்றிப் பேசட்டும்.

கேள்வி: பெண்களுக்குக் கணக்கு வராது என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். என்ன பதில் சொல்ல?

பதில்: ஆற்றல் ஏன் அழிவதில்லை என்று அண்ணனிடம் கேளுங்கள். படித்த விதியைச் சொல்வார், ‘ஏன்’ என்று மறுபடி கேளுங்கள். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதால்தான் ஆற்றல் மாறாமல் இருக்கிறது, இங்கும் அங்கும் ஒன்றாக இருப்பதால் உந்தம் மாறாமல் இருக்கிறது என்று கணிதமாக நிறுவியவர் எம்மி நோதர், 1918-இல். இன்றைய துகள் இயற்பியலின் பெரும்பகுதி அந்தத் தேற்றத்தின் மேல் நிற்கிறது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்பதால் அவரை ஆசிரியராகச் சேர்க்க மறுத்தார்கள், சில வருடம் அங்கே இருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டின் பேரில் வகுப்பு அறிவித்து, சம்பளமில்லாமல் பாடம் நடத்தினார். அண்ணன் இதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும்.

கேள்வி: எல்லாமே சோகக் கதையாக இருக்கிறது. சந்தோஷமாக ஒன்று சொல்லக்கூடாதா?

பதில்: ஸ்டெபானி குவோலெக். டியூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர், டயருக்கு லேசான உறுதியான இழை தேடிக்கொண்டிருந்தார். 1965 வாக்கில் அவர் செய்த ஒரு கரைசல் வழக்கமானது மாதிரி தெளிவாகவும் கெட்டியாகவும் இல்லாமல் கலங்கலாக, நீர்க்க இருந்தது. கொட்டிவிட வேண்டிய சரக்கு. இழை நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், இதை ஊற்றினால் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று மாட்டேன் என்றார். குவோலெக் விடாமல் கேட்டு நூற்க வைத்தார். இழை அறுந்தே போகவில்லை. சோதனைக்கூடத்திலிருந்து வந்த எண்களை அவரே நம்பாமல் மறுபடி மறுபடி சோதிக்கச் சொன்னார். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலு. அதுதான் கெவ்லார், குண்டு துளைக்காத உடுப்பில் இருப்பது. காப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்ததால் விற்பனையில் அவருக்குப் பங்கு கிடையாது, ஆனால் சந்தோஷக் கதை கேட்டிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.