காரும் வெடிக்கணும், சிரிப்பும் வரணும்

வாசகர் கேள்வி - பதில்

ஒட்டாத இரண்டு போலீஸ்காரர்கள், ஒரே ஜீப், ஓயாத வாய்ச்சண்டை, நடுநடுவே பறக்கும் கார்கள். இந்த வகைப் படங்களைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கட்டடம் சரிகிறது, தோட்டா மழை பொழிகிறது. ரெண்டு போலீஸும் அதற்கு நடுவே, மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்று சண்டை போடுகிறார்கள். துளியும் நம்ப முடியவில்லை. ஆனாலும் மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன். ஏன்?
*- வாசகர், கும்பகோணம்*

நீங்கள் நம்பாதது கட்டடத்தை. அந்தச் சாப்பாட்டுச் சண்டையை நம்பிவிட்டீர்கள். இந்த வகைப் படத்துக்கு அது போதும். சுற்றி நடப்பது எவ்வளவு மிகையாக இருக்கிறதோ, அந்த இருவருக்குள் நடப்பது அவ்வளவு சின்னதாகவும் நிஜமாகவும் இருக்க வேண்டும்.

1987-இல் வந்த 'லீத்தல் வெப்பன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 50 வயது பிறக்கிறது. வீடு, மனைவி, பிள்ளைகள் என்று நிறைந்த வாழ்க்கை. மற்றவர் மனைவியைப் பறிகொடுத்தவர், சாவைப் பற்றிக் கவலைப்படாதவர். உயிர்மேல் ஆசையுள்ளவரை உயிர்மேல் ஆசையில்லாதவரோடு ஒரே வண்டியில் ஏற்றிவிட்டாலே பாதிக் கதை நடந்துவிடும். முன்னவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பின்னவர் வந்து உட்காரும் காட்சி இருப்பதால்தான் பிற்பாடு வரும் துப்பாக்கிச் சண்டையில் நமக்குப் பதைப்பு வருகிறது. அந்த மேசையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் சத்தம்.

இதே ரசம் நமக்குப் புதிதில்லை. கவுண்டமணியும் செந்திலும் செய்தது இதைத்தான். ஒருவர் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பார், மற்றவர் ஒரு சாதாரணக் கேள்வியால் அதைச் சரித்துவிடுவார். அவர்களுக்குக் காக்கிச் சட்டை போட்டு, ஒரு வழக்கையும் கொடுத்தால் இந்த வகை வந்துவிடும்.

இந்த வகை எங்கே ஆரம்பித்தது?
*- வாசகி, பாபநாசம்*

அனுபவசாலியும் இளையவருமாக இரண்டு துப்பறிவாளர்கள் சேர்ந்து அலையும் கதைக்கு, 1949-இல் அகிரா குரோசாவா எடுத்த 'ஸ்ட்ரே டாக்' ஒரு நல்ல முன்னோடி. டோக்கியோவின் கோடை வெயிலில், களவுபோன துப்பாக்கியைத் தேடுகிறார்கள். அதில் சிரிப்பு கிடையாது. சிரிப்பும் சண்டையும் சரிபாதியாகக் கலந்த உருவம் 1982-இல் வந்த '48 ஹவர்ஸ்' படத்தில் நிலைபெற்றது. ஒரு போலீஸ்காரரும், 48 மணி நேரத்துக்கு மட்டும் சிறையிலிருந்து வெளியே வந்த ஒரு கைதியும்தான் ஜோடி. எடி மர்ஃபிக்கு அதுதான் முதல் படம்.

வசனம் மாறி மாறிப் பறக்கிறதே, அதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா, அல்லது நடிகர்களின் திறமை மட்டும்தானா?
*- தவில் பயிலும் மாணவர், திருவையாறு*

கணக்கு உண்டு. அது உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். கச்சேரியில் தாளக்கருவிகள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் குறைப்பு வாசிக்கும்போது என்ன நடக்கிறது? ஒருவர் இரண்டு ஆவர்த்தனம் வாசிக்க, மற்றவர் அதே அளவில் பதில் சொல்கிறார். பிறகு ஒன்று, அரை, கால் என்று சுருங்கி, கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிவுக் கோவைகளோடு முடிக்கிறார்கள். நல்ல ஜோடிப் போலீஸ் காட்சியும் இப்படியேதான் சுருங்கும். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று வாக்கியம், அடுத்த சுற்றில் ஒன்று, அதற்கடுத்து ஒரே சொல். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கத்துவார்கள், கதவு உடையும். கதவு உடைவதுதான் அங்கே கோர்வையின் இறுதித் தட்டு.

தவறுவது மூன்று இடங்களில். இருவரும் ஒரே நடையில் பேசினால் அது குறைப்பு ஆகாது, எதிரொலிதான். ஒருவர் இழுத்துப் பேசினால் மற்றவர் வெட்டிப் பேச வேண்டும். இரண்டாவது, வாக்கியத்தின் நடுவே வெடியைப் போட்டுவிடுவது. சொல் முடிந்து ஒரு கணம் கழித்து வெடித்தால்தான் இரண்டுமே நிற்கும். மூன்றாவது தவறு எடிட்டிங் மேசையில் நடப்பது. பெரிய சிரிப்பு வரும் இடத்துக்கு அடுத்ததாகவே முக்கியமான வசனம் வந்தால், தியேட்டர் கூச்சலில் அது மூழ்கிவிடும். அங்கே ஒன்றரை வினாடிக்கு முகபாவம் மட்டும் காட்டுகிற ஒரு ஷாட் வைப்பது வழக்கம்.

ஒரே தோட்டாவில் கார் வெடித்து எரிகிறதே, நிஜத்தில் அப்படி நடக்குமா?
*- ஒர்க்‌ஷாப் நடத்துபவர், மன்னார்குடி*

நடக்காது. எரிவது திரவப் பெட்ரோல் இல்லை, அதன் ஆவிதான். அந்த ஆவியும் காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதத்துக்குள் கலந்திருந்தால் மட்டுமே பற்றும். மூடிய டேங்கின் உள்ளே ஆவி அதைவிட மிக அடர்த்தியாக இருக்கும். சாதாரணத் தோட்டா துளை போடும், பெட்ரோல் ஒழுகும், அவ்வளவுதான். ஒழுகியது ஏதாவது பொறியில் பட்டால் தீப்பிடிக்கலாம். அதுவும் தீ, வெடி இல்லை.

திரையில் பார்க்கும் ஆரஞ்சு நிறக் கோளம் தனியாகத் தயாரிப்பது. நிஜமான வெடிமருந்து பெரும்பாலும் ஒரு மின்னலும் புழுதியும்தான் தரும், பார்க்கச் சப்பென்று இருக்கும். அதனால் சிறிய கருமருந்துக் கட்டின்மேல் பெட்ரோலை வைத்து மேலே தூக்கி எறிந்து, காற்றில் சிதறும்போது பற்ற வைக்கிறார்கள். உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் மட்டுமே செய்கிற வேலை இது.

கார் உருளுவதற்கும் தனி ஏற்பாடு உண்டு. ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் ஏறும்படி குழாய்ச் சாய்வு வைப்பார்கள். அல்லது, காரின் அடியில் பொருத்திய நைட்ரஜன் பீரங்கி ஒரு தண்டைத் தரையில் உதைத்துக் காரைப் புரட்டும். 2006-இல் 'கசினோ ராயல்' படத்துக்காக இந்த முறையில் ஒரு கார் ஏழு தடவை புரண்டு கின்னஸ் சாதனை ஆனது.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து செல்போனிலேயே 15 நிமிட ஜோடிப் போலீஸ் குறும்படம் எடுக்கப்போகிறோம். எங்களிடம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல், இரண்டு காக்கிச் சட்டை இருக்கின்றன. எதைக் கவனிக்க வேண்டும்?
*- மாணவர்கள், மயிலாடுதுறை*

எக்ஸெல் போதும். அதில் இருவர் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருப்பதே பாதி நகைச்சுவை.

முதலில் சீருடை. எஸ்.ஐ.க்கு இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டருக்கு மூன்று. இருவருக்கும் தோளில் சிவப்பு-நீலப் பட்டை உண்டு. மூன்று நட்சத்திரம் இருந்து பட்டை இல்லையென்றால் அவர் டி.எஸ்.பி. ஏட்டுக்கு நட்சத்திரம் கிடையாது, கையில் மூன்று கோடு. இதில் பிசகினால் படம் பார்க்கிற முதல் காவலர் வீட்டுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். படப்பிடிப்புக்கு முன்பு எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர், பொம்மைத் துப்பாக்கி எத்தனை என்று எழுதி அந்த எல்லைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு சீருடை அணிவது குற்றம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. ஷாட் முடிந்ததும் சட்டையை மாற்றிவிட்டுத்தான் டீக்கடைக்குப் போக வேண்டும்.

அடுத்தது துரத்தல். சம்பா அறுவடை முடிந்த வயலைப் பார்த்து, காலியாகக் கிடக்கிறது என்று ஓடிவிடாதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள், தாளுக்கு நடுவே முளை இருக்கும். எட்டுப் பேர் ஓடினால் ஒருவருடைய வெள்ளாமை போய்விடும். வரப்பில் ஓடுங்கள், அல்லது உரிமையாளரிடம் கேட்டுத் தரிசில் ஓடுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறது. ஆற்று மணலில் எடுப்பதானால் பிப்ரவரி முதல் மே வரை வசதி. மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும், முந்தின நாளே நடந்து பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள்.

கேமராவை வினாடிக்கு 24 ஃபிரேமில் வைத்தால் ஷட்டர் 1/50 வினாடி இருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும், சண்டைக்கு மட்டும் 1/100. நம் பக்கத்து உச்சி வெயிலில் போன் தானாகவே ஷட்டர் வேகத்தை 1/1000-க்கு மேல் ஏற்றிவிடும், ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பிறகும் எடுங்கள், அல்லது லென்ஸ்மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் மாட்டுங்கள். எக்ஸெல் துரத்தலை 22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும், யாருக்கும் தெரியாது. 18-க்கு இறங்கினால் பின்னால் நடந்துபோகிறவர் காட்டிக் கொடுத்துவிடுவார். வசனம் உள்ள ஷாட்டில் இதைச் செய்யவே கூடாது.

அடி விழும் ஷாட்டில் கேமரா, முஷ்டி, கன்னம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் திரையில் பட்டதாகத்தான் தெரியும். கெடுப்பது அடிப்பவர் இல்லை, வாங்குபவர்தான். முஷ்டி கன்னத்தைக் கடக்கும் கணத்தில் தலை திரும்ப வேண்டும். முன்பே திரும்பினால் ஒத்திகை, பிறகு திரும்பினால் பொய். பத்துத் தடவை மெதுவாகச் செய்து பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். சத்தத்துக்கு ஈரத் துண்டை மடித்துத் திண்ணையில் அடித்துப் பதிவு செய்யலாம். துப்பாக்கி வெளிச்சம் எடிட்டிங்கில் ஒரே ஒரு ஃபிரேம் இருந்தால் போதும், அதே ஃபிரேமில் சுட்டவர் முகத்தையும் சற்று வெளுக்க வையுங்கள்.

உடைகிற கண்ணாடி வேண்டுமென்றால் சர்க்கரையில் செய்யலாம். சர்க்கரை 350 கிராம், தண்ணீர் 240 மில்லி, பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 165 கிராம், சில துளி எலுமிச்சைச் சாறு. சர்க்கரை கரையும்வரை கிளறுங்கள், கொதி வந்தபிறகு கரண்டி போடக் கூடாது. பாத்திர ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரப் பிரஷ்ஷால் வழித்துவிடாவிட்டால் முழுப் பாகும் பூத்துவிடும். மிட்டாய்த் தெர்மாமீட்டரில் 150 டிகிரி வந்ததும் இறக்கி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றுங்கள். 140-இல் இறக்கினால் உடையாமல் வளையும், 160-ஐத் தாண்டினால் மஞ்சளாகும். இந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். நம் ஊர் ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே பிசுபிசுக்கும், செய்த அன்றே உடைத்துவிட வேண்டும். உடைந்த விளிம்பு கீறும், முகத்தருகே வேண்டவே வேண்டாம்.

செலவில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியைக் குறையுங்கள். காலர் மைக்கைக் குறைக்காதீர்கள். வசனம் கேட்காத ஜோடிப் படம் படமே இல்லை.

எங்கள் ஊரில் உயர்ந்த கட்டடம், மேம்பாலம் எதுவும் இல்லை. இந்த வகைக் கதைக்குப் பெருநகரம் கட்டாயமா?
*- வாசகர், நன்னிலம்*

இல்லவே இல்லை. 2007-இல் வந்த 'ஹாட் ஃபஸ்' பெரும்பாலும் ஓர் இங்கிலாந்துச் சிற்றூரில்தான் நடக்கிறது. அதில் படிவம் நிரப்புகிற எழுத்து வேலையைக்கூடச் சண்டைக் காட்சிபோல வேக வேகமாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். முதல் பாதியில் சாதாரணமாக வந்துபோகும் சொல்லும் பொருளும் இரண்டாம் பாதியில் வேறு அர்த்தத்தோடு திரும்பி வரும். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கிற ஊரில்தான் அந்த உத்தி பலிக்கும். தமிழில் 2023-இல் வந்த 'போர் தொழில்' திருச்சியைக் களமாக வைத்துக் கண்டிப்பான மூத்த அதிகாரியையும் புத்தகப் படிப்பு மட்டுமே உள்ள இளையவரையும் இணைத்தது. அது த்ரில்லர்தான், ஆனால் ஜோடியின் இலக்கணம் இதேதான்.

டப்பிங்கில் பார்த்தால் சில ஜோக் பிரமாதமாக விழுகிறது, சில ஜோக் செத்துவிடுகிறது. காரணம் என்ன?
*- வாசகி, நாகப்பட்டினம்*

பெரும்பாலும் வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் எதிர்பாராத சொல்லைக் கடைசியில் வைப்பது எளிது. தமிழில் கடைசி இடம் வினைச்சொல்லுக்குப் போய்விடும். "நான் உன் காரைத்தான் சுட்டேன்" என்று எழுதினால் சிரிப்பு நடுவிலேயே அவிழ்ந்துவிடுகிறது. "நான் சுட்டது... உன் காரை" என்று திருப்பினால் கடைசிச் சொல்லில் விழும். நல்ல டப்பிங் எழுத்தாளர் இதை நூறு இடங்களில் செய்திருப்பார்.

இன்னொரு சிக்கல் உதடு. ப, ம ஒலிகளுக்கு உதடு மூடும். நடிகரின் உதடு மூடுகிற இடத்தில் தமிழ்ச் சொல்லிலும் ப, ம வர வேண்டும். அதற்காக வலிந்து சொல் தேடும்போது டைமிங் போய்விடுகிறது. குளோசப்பில்தான் இந்தத் தொல்லை. நடிகர் முதுகைக் காட்டும் ஷாட்டில் எழுத்தாளருக்கு முழுச் சுதந்திரம், தமிழில் புதிதாகச் சேர்ந்த ஜோக்குகளை அங்கே தேடிப் பாருங்கள்.

கைதியை அடித்து உண்மையை வாங்குவதையும் சிரிப்பாகவே காட்டுகிறார்களே?
*- வாசகர், வேதாரண்யம்*

அது இந்த வகையின் பெரிய குறை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயுதத்தோடு எதிரே நிற்பவனை ஜோடி புரட்டி எடுக்கும்போது வரும் சிரிப்பும், கை கட்டப்பட்டவனை அடிக்கும்போது எதிர்பார்க்கும் சிரிப்பும் ஒன்றல்ல. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. அதை மறக்கவைக்கிற காட்சியில் சிரிக்க மறுப்பது ரசனைக் குறைவு ஆகாது. எழுதுகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஜோடி தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருக்க, அதைத் தாங்க முடியாமல் கைதியே எல்லாவற்றையும் சொல்லிவிடட்டும். அடி இல்லாமலே காட்சி நிறையும்.

பெண் ஜோடி?
*- வாசகி, சீர்காழி*

2013-இல் வந்த 'தி ஹீட்' பாருங்கள். சாண்ட்ரா புல்லக்கும் மெலிசா மெக்கார்த்தியும். பேச்சு காரமானது, குழந்தைகளோடு வேண்டாம்.

பத்தாவது படிக்கும் மகனோடு பார்க்க எதிலிருந்து தொடங்கலாம்?
*- வாசகர், திருத்துறைப்பூண்டி*

'ரஷ் ஹவர்', 1998. ஜாக்கி சானும் கிறிஸ் டக்கரும். 'லீத்தல் வெப்பன்', 'பேட் பாய்ஸ்' வரிசைகள் அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற 'ஆர்' சான்று பெற்றவை, அவன் வளரட்டும். 'ரஷ் ஹவர்' முடிந்ததும் ஜாக்கி சானின் 1985 'போலீஸ் ஸ்டோரி'யின் கடைசிச் சண்டையைப் போடுங்கள். வணிக வளாகத்தில் மின்விளக்குகள் சுற்றிய கம்பத்தில் அவர் நிஜமாகவே சறுக்கி இறங்கினார், உள்ளங்கை வெந்துபோனது. அந்த ஒரே சறுக்கலை மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஏன் மூன்று தடவை என்று மகனையே சொல்லச் சொல்லுங்கள்.