வாசகர் கேள்வி–பதில்: கிளிமஞ்சாரோவுக்கு எத்தனை நாள்?

கேள்வி: கிளிமஞ்சாரோ ஏற 5 நாள், 7 நாள் என்று இரண்டு திட்டம் தருகிறார்கள். தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறவன் நான். 5 நாள் போதாதா?

போதாது. ஓடிப் பழகிய கால் நல்லதுதான். ஆனால் உயரத்துக்கு உடம்பு பழகுவது வேறு கணக்கு. 5,895 மீட்டர் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே. அதை ஈடுகட்ட உடம்பு ஆழமாகவும் அடிக்கடியும் மூச்சு வாங்குகிறது. அதனால் இரத்தத்தில் மாறும் கார அமிலச் சமநிலையைச் சிறுநீரகம் சரிசெய்தாக வேண்டும். இந்த வேலைக்குச் சில நாள் பிடிக்கும். உடற்பயிற்சியால் அதை முன்கூட்டி முடித்துவிட முடியாது.

3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் இடத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. மராங்கு பாதையின் 5 நாள் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முதல் இரவு மந்தாரா குடில், 2,720 மீட்டர், அடுத்தது ஹொரொம்போ, 3,720, மூன்றாவது கிபோ, 4,720. அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். நாளுக்கு ஆயிரம் மீட்டர்! இதே பாதையில் 6 நாள் எடுத்தால் ஹொரொம்போவில் இன்னொரு இரவு கிடைக்கும். அதுவே பெரிய வித்தியாசம்.

மச்சாமே பாதை 7 நாள் என்றால் இன்னும் மேல். மூன்றாம் நாள் லாவா டவர் வரை, சுமார் 4,600 மீட்டருக்கு ஏறி, மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு 3,960 மீட்டரில் உள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கிப் படுப்பீர்கள். உயரத்தைக் காட்டிவிட்டுத் தாழ்வில் தூங்கவைப்பதுதான் சூட்சுமம். இதையே 6 நாளாகச் சுருக்கும்போது வெட்டப்படுவது கரங்கா முகாமின் இரவு. பராங்கோவிலிருந்து ஒரே நாளில் பராஃபு முகாமுக்கு நடந்து, சில மணி நேரம் மட்டும் படுத்துவிட்டு, நள்ளிரவில் எழ வேண்டியிருக்கும். பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வசூலாவதால் கூடுதல் நாளுக்குச் செலவு கூடும், உண்மைதான். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பொருளில் பிடியுங்கள்: தடித்த ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், ஊன்றுகோல் எல்லாம் மலையடிவார ஊரான மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும்.

இன்னொன்று. உயரத்தில் ஓட்டக்காரர்கள் சிரமப்படுவதற்கு ஒரு காரணம், வேகமாக நடக்க முடிகிறதே என்று வேகமாக நடப்பது. வழிகாட்டிகள் நாள் முழுக்க 'போலே போலே' என்பார்கள். சுவாஹிலியில் 'மெல்ல மெல்ல'. பேசிக்கொண்டே நடக்க முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் போக முடியுமா? நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். விலை மிகக் குறைவாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள்: பூங்காக் கட்டணம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். அப்படியென்றால் அந்தக் குறைவு எங்கிருந்து வரும்? சுமை தூக்குவோரின் கூலியிலும் சாப்பாட்டிலும் வழிகாட்டிகளின் எண்ணிக்கையிலும்தான் கை வைத்திருப்பார்கள்.

பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். உச்சி இரவில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்று இருந்தால்தான் குழுவில் ஒருவர் திரும்பும்போது மற்றவர்கள் தொடர முடியும். ஆக்சிஜன் சிலிண்டர் வருமா, அதை இயக்கத் தெரிந்தவர் யார்? சுமை தூக்குவோருக்கு மூன்று வேளை சாப்பாடும் படுக்கக் கூடாரமும் உண்டா? ஒருவர் தலையில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பூங்கா விதி. நுழைவாயிலில் எடை போடுவார்கள். உங்கள் பை 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் அன்பளிப்பை, யாருக்கு எவ்வளவு என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிக் கொடுப்பது நல்லது. மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்தால் எல்லாருக்கும் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: உயரத்தால் வரும் மலைநோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை போட்டால் நோய் வந்தது வெளியே தெரியாது என்கிறார்களே?

தவறு. அசெட்டசோலமைடு என்ற அந்த மருந்து அறிகுறியை மூடி மறைப்பதில்லை. மேலே சொன்ன சிறுநீரக வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாத்திரை போடுகிறோம் என்று நாளைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி, அல்லது ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஏப்ரல், மே பெருமழை. நவம்பரில் சிறுமழை. பௌர்ணமியை ஒட்டி உச்சி இரவு அமைந்தால் பாதை நன்றாகத் தெரியும்; கூட்டமும் அன்றைக்குத்தான்.

கேள்வி: உச்சிக்குப் போகும் இரவில் உண்மையில் என்ன நடக்கும்? என்ன போட்டுக்கொள்வது?

பராஃபுவிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, சுமார் 1,200 மீட்டரை ஆறேழு மணி நேரத்தில் ஏறுவீர்கள். குளிர் −10 முதல் −20 டிகிரி வரை போகலாம். காற்று வீசினால் இன்னும் கடுமை. இருட்டில் போவதற்கு ஒரு காரணம், சரளைச் சரிவு குளிரில் இறுகிக் கிடக்கும். வெயில் ஏறினால் இளகிக் காலை வாரும்.

கீழே இரண்டு மூன்று அடுக்கு, மேலே நான்கைந்து. எல்லாவற்றையும் கூடாரத்திலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினால் அரை மணியில் வேர்க்கும். நின்றதும் அந்த ஈரமே குளிராகும். சற்றே குளிர்கிற நிலையில் புறப்படுங்கள். காலுறை இரண்டு போட்டு பூட்ஸ் இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். தடித்தது ஒன்று போதும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை வெதுவெதுப்பானது.

தண்ணீர்தான் பலரும் கோட்டைவிடும் இடம். முதுகுப்பையிலிருந்து உறிஞ்சும் குழாய் முதல் ஒரு மணியிலேயே உறைந்துவிடலாம். உறிஞ்சியபின் குழாயில் நிற்கும் தண்ணீரைத் திரும்பப் பைக்குள் ஊதிவிட்டால் கொஞ்சம் தாங்கும். நம்பகமானது அகலவாய்ப் புட்டி: வெந்நீர் நிரப்பி, பழைய காலுறைக்குள் செருகி, தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து உறைவதால் மூடி அடைக்காது. ஹெட்லாம்ப் பேட்டரியும் செல்போனும் குளிரில் சட்டென்று தீர்ந்துபோகும். உள்சட்டைப் பையில் வையுங்கள்.

ஸ்டெல்லா பாயிண்ட் வந்ததும் எரிமலை வாயின் விளிம்பு. அங்கிருந்து உஹுரு உச்சிக்கு இன்னும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இதை மனதில் கணக்கு வைத்திராதவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தலைவலி வந்தால் உடனே இறங்க வேண்டுமா?

இலேசான தலைவலி பலருக்கும் வரும். தண்ணீர், ஓய்வு, ஒரு பாராசிட்டமால், தீர்ந்தால் தொடரலாம். தீராமல் வாந்தியும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. சந்தேகம் என்றால் தரையில் நேர்கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலில் ஒட்டிவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, ஈர இருமல் என்றால் நுரையீரலில். இரண்டுக்குமே இறங்குவதுதான் வைத்தியம், நள்ளிரவானாலும். ஹெலிகாப்டர் மேகம் மூடினால் வராது. வந்தாலும் செலவு பெரிது: 6,000 மீட்டர் வரை நடைப்பயணமும் மீட்பும் சேர்ந்த காப்பீடா என்று பார்த்து எடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தால் அது தப்புக் காட்டும். ஆள் எப்படி இருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

கேள்வி: முட்டி வலி உண்டு. எப்படிப் பயிற்சி எடுப்பது?

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை. உச்சியிலிருந்து ம்வெக்கா முகாம் வரை அன்று ஒரே நாளில் சுமார் 2,800 மீட்டர் இறங்க வேண்டும். வலி நிரந்தரமாக இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்றால் மூன்று மாதம் முன்பே தொடங்கலாம்: வாரம் மூன்று நாள், 6 முதல் 8 கிலோ பையோடு மாடிப்படி. ஏறுவதற்கு லிஃப்ட் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், இறங்குவது காலாலேயே நடக்கட்டும். இரண்டு ஊன்றுகோலையும் இறக்கத்தில் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள். கைகளால் பற்றி ஏற வேண்டிய பராங்கோ சுவரில் மட்டும் அவற்றை மடித்துப் பையில் கட்டிவிடுங்கள். பூட்ஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கி நகம் கறுக்கும். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பூட்ஸைப் பெட்டியில் போடாமல் விமானத்தில் காலிலேயே போட்டுக்கொண்டு போங்கள், பெட்டி தொலைந்தாலும் அது இருக்கும்.